பூசாத சுவர்

நம் ஊரில் பூசாத சுவர் என்றால் வீட்டுக்காரர் கையில் காசு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். கிரகப்பிரவேசம் முடிந்து பல வருஷம் ஆகியும் பக்கச் சுவரில் செங்கல் தெரிய நிற்கும் வீடு தெருவுக்கு ஒன்றாவது இருக்கும். ஆகவே அகமதாபாத் ஐ.ஐ.எம். வளாகத்துக்குள் நுழைந்ததும் அம்மா கேட்டது நியாயமான கேள்விதான்: "இவ்வளவு பெருசா எழுப்பிட்டு ஏன் பூசாம விட்டுட்டாங்க?"

கட்டடக்கலை ரசிகர்கள் இந்த ஊருக்குப் புத்தகம் படித்துவிட்டு வருவார்கள். அம்மா சித்தாளாகக் கலவைச் சட்டி சுமந்துவிட்டு வந்தாள். ஐ.ஐ.எம். கட்டடத்தை வரைந்த லூயி கான் யார் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் ஒரு சுவரை எத்தனை பேர், எந்த அவசரத்தில் கட்டினார்கள் என்று சொல்லிவிடுவாள்.

முதலில் பார்த்தது ஆசிரமச் சாலையில் ஆலை உரிமையாளர் சங்கத்துக்காக லெ கொர்பூசியே 1954இல் முடித்த கட்டடம். சாலையைப் பார்த்த மேற்கு முகம் முழுக்கக் கான்கிரீட் தடுப்புகள் சாய்வாக நிற்கின்றன. சாயங்கால வெயில் நேரே உள்ளே பாயாது, காற்று மட்டும் வரும். நான் அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா சுவரைத் தடவிக்கொண்டிருந்தாள். "சென்டரிங் பலகையோட ரேகை அப்படியே இருக்கு பாரு. நாங்க பலகையைப் பிரிச்ச உடனே கொத்திவிட்டுப் பூசிடுவோம்." கொர்பூசியேவின் கான்கிரீட்டைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்களும் கடைசியில் அந்த ரேகைக்குத்தான் வந்து சேர்கிறார்கள்.

ஐ.ஐ.எம். வேறு ரகம். விக்ரம் சாராபாய் முன்னின்று தொடங்கிய நிறுவனத்துக்குக் கட்டடம் வரைய 1962இல் அமெரிக்காவிலிருந்து கானை வரவழைக்கக் காரணமாக இருந்தவர் கட்டடக் கலைஞர் பாலகிருஷ்ண தோஷி. கான் கையில் எடுத்தது செங்கல். சுமை தாங்கும் தடித்த சுவர்கள், ஆள் உயரத்தைத் தாண்டிய வட்டத் திறப்புகள், அவற்றுக்குப் பின்னால் ஆழமான நிழல், அந்த நிழலுக்கும் உள்ளே தள்ளித்தான் ஜன்னல். வெயில் வெளிச்சுவரோடு நின்றுவிடும். வகுப்பறைக்கு வெளியேயும் படிப்பு நடக்கும் என்று கான் நம்பியதால் நடைக்கூடங்கள் தாராளமாக, உட்கார்ந்து பேசத் தோன்றும்படி இருக்கின்றன. அவ்வளவு பெரிய கட்டடத்தில் குரல் தானாகத் தணிந்துவிடுகிறது. கோயில் பிராகாரத்தில் நடப்பதுபோல் இருந்தது எனக்கு.

அம்மா நின்றது ஒரு வளைவின் கீழே. தட்டையான செங்கல் வளைவு. அதன் இரு காலையும் இணைத்து அடியில் ஒரு கான்கிரீட் விட்டம். "லிண்டல்னா சுமைக்கு நேர் கீழ இருக்கணும். இங்க வளைவே சுமையைத் தாங்குதே, அப்புறம் இது எதுக்கு?" சரியான இடத்தில் கை வைத்துவிட்டாள். தட்டையான வளைவு சுமையைக் கீழே மட்டும் இறக்காது, இரு காலையும் வெளியே தள்ளும். அந்தத் தள்ளலைப் பிடித்து நிறுத்தும் இழுகட்டுதான் இந்த விட்டம். செங்கல் அழுத்தத்தைத் தாங்கும், கம்பி போட்ட கான்கிரீட் இழுப்பைத் தாங்கும். எது எந்த வேலையைச் செய்கிறது என்பது கண்ணெதிரே நிற்கிறது. மேலே பூச்சு ஏறியிருந்தால் அம்மாவுக்கு அந்தக் கேள்வியே வந்திருக்காது. கானிடம் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். செங்கல்லிடம் 'நீ என்னவாக விரும்புகிறாய்?' என்று கேட்கும் அவருடைய பிரபலமான வசனத்தை எல்லோரும் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டார்கள்; சுவரே போதும்.

வட்டத் திறப்பைப் பார்த்துவிட்டு, "அடியில மரத்தால கூடு கட்டி, அதுமேல ஒவ்வொண்ணா அடுக்கியிருப்பாங்க. கல்லை நல்லா ஊறப்போடாட்டி கலவைத் தண்ணியைக் குடிச்சிரும்" என்றாள். செங்கல் ஊறப்போடுவது சித்தாள் வேலை.

வளாகத்திலுள்ள மாணவர் விடுதிகளின் கதை அவ்வளவு சுகமில்லை. 2001 பூகம்பம் உலுக்கியது. சுவருக்குள் வைத்த கம்பிகள் துருவேறிப் பருத்துச் செங்கலைப் பிளந்தன. 2020 டிசம்பரில் பெரும்பாலான விடுதிகளை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும் திட்டம் வந்தது. உலகெங்கும் எதிர்ப்பு எழுந்ததும் நிறுத்தினார்கள். 2022இல் இடிக்கும் பேச்சு மறுபடி திரும்பியது. அதே வளாகத்தின் நூலகத்தைச் செப்பனிட்டதற்கு 2019இல் யுனெஸ்கோ விருது கிடைத்திருப்பதை நான் எடுத்துச் சொன்னேன். அம்மா அசரவில்லை. "பூச்சு அழகுக்கு மட்டும்னு நினைச்சியா? மழைக்குச் சட்டை அது." இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. என்றாலும் இடிக்கும் கட்சியில் நான் சேர மாட்டேன்.

சித்தி சையத் மசூதியின் கல் ஜாலியையும் பார்த்தோம். 1573இல் முடிந்தது, கொடிபோல் பின்னிய மரம் கல்லில் வலையாக விரிகிறது. ஐ.ஐ.எம். சின்னம் இதிலிருந்து பிறந்ததுதான். அழகு, மறுக்க முடியாது. அன்று என் கண் செங்கல்லுக்குப் பழகியிருந்ததால் சீக்கிரம் நகர்ந்துவிட்டோம்.

அம்மாவுக்குப் பிடித்தது சபர்மதி ஆசிரமத்தில் சார்லஸ் கோரியா கட்டிய காந்தி அருங்காட்சியகம். 1963இல் நேரு திறந்துவைத்தது. ஆறு மீட்டர் சதுரம் ஒன்று. அதையே பக்கத்தில் பக்கத்தில் சேர்த்துக்கொண்டே போகிறார். செங்கல் தூண், மேலே ஓட்டுக் கூரை, கண்ணாடிக்குப் பதில் மரச்சட்டப் பலகணிகள். சில சதுரங்களுக்குச் சுவரே இல்லை, நடுவே ஒரு தண்ணீர்த் தொட்டி. இன்னும் நாலு சதுரம் வேண்டுமென்றால் கூட்டிக்கொள்ளலாம். கட்டடம் முகம் சுளிக்காது.

என் ஓட்டு கானுக்கே. அம்மா ரயிலேறிய பிறகும் ஒத்துக்கொள்ளவில்லை: "அங்க இன்ஜினியர் பக்கத்துலயே நின்னாத்தான் வேலை ஓடும். காந்தி மியூசியத்தை ஒரு நல்ல கொத்தனாரும் ரெண்டு சித்தாளும் இருந்தா நாங்களே கட்டிருவோம்."