இரண்டாவது முறை சொல்பவர்கள்

சென்னைத் தூர்தர்ஷனின் ‘வயலும் வாழ்வும்’ நிகழ்ச்சியில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் நிதானம். கேள்வி கேட்பவர் குறுக்கே பேச மாட்டார். பதில் சொல்லும் விவசாயி மண்ணை ஒரு கை அள்ளி விரலிடுக்கில் உதிரவிட்டபடி யோசிப்பார். அந்த யோசனை முடியும்வரை கேமராவும் காத்திருக்கும். பின்னால் பம்புசெட் ஓடும் சத்தம், நடுநடுவே மைனாக்கள். வேப்பெண்ணெய் 3 சதம் என்றால் லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி, கூடவே கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் என்று இரண்டாவது முறையும் சொல்வார்கள். பேனா தேடிக்கொண்டிருக்கும் யாரோ ஒருவருக்காக.

செங்கல்பட்டுப் பக்கம் இதைப் பார்ப்பவர்கள் கறாரான ரசிகர்கள். ‘நல்லா பேசுறாரு’ என்று சொல்ல மாட்டார்கள். ‘செடியைத் தொட்டுப் பேசுறாரு’ என்பதுதான் அவர்களின் பாராட்டு. மல்லிகைக் கவாத்து காட்டினால் யார் கண்ணும் முகத்தில் நிற்காது, கைக்குப் போய்விடும்: நவம்பர் கடைசியில், தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் விட்டு, நார் கிழியாமல் ஒரே வெட்டு. கத்தரி மூடும் அந்தச் சின்னச் சத்தத்திலேயே பழகிய கையா என்று சொல்லிவிடுவார்கள். மாமல்லபுரம் கரையோரத்தில் கேள்வியே வேறு. மணல் தண்ணீரை நிறுத்தாது, உப்புக்காற்று இலை நுனியைக் கருக்கும். ‘நம்ம மணலுக்கு ஒத்துவருமா?’ என்று பெட்டியைப் பார்த்தே கேட்பார்கள். தொழுவுரம் கூடுதலாகப் போடுங்கள், தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி விடுங்கள் என்ற பதிலை நிகழ்ச்சிக்கு வரும் வேளாண் அதிகாரியிடமிருந்து கேட்டு வாங்கும் தொகுப்பாளரைத்தான் அவர்கள் நம்புவார்கள்.