இணையப் பக்கங்களில் இழைநயப் பின்னணி: ஒரு மதிப்பீடு

காகிதம், துணி, மரம், கல் போன்றவற்றின் மேற்பரப்பை ஒத்த படத்தை இணையப் பக்கத்தின் எழுத்துகளுக்குப் பின்னால் பரப்புவது இழைநயப் பின்னணி எனப்படும். இது வடிவமைப்பாளர்களிடையே 'டெக்ஸ்சர்' என்ற பெயரில் வழங்குகிறது. பக்கத்துக்கு அழகு சேர்க்கும் இம்முறை, கவனமின்றிக் கையாளப்படும்போது வாசிப்பைக் கெடுக்கிறது. தமிழ்ப் பக்கங்களில் இக்கேடு கூடுதலாகும்.

வரலாறு

1995-இல் வெளிவந்த நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 1.1 உலாவி பின்னணிப் படத்துக்கு வழி செய்தது. அக்காலத்து 28.8 கிலோபிட் மோடத்தில் 100 கிலோபைட் படம் வந்து சேர ஏறத்தாழ அரை நிமிடம் ஆகும். ஆகவே, சிறு படத் துண்டு ஒன்றைத் தரை ஓடு போலத் திரும்பத் திரும்பப் பதிக்கும் முறை பரவியது. பின்னாளில் எளிய, தட்டையான வடிவமைப்புச் செல்வாக்குப் பெற்றது. ஆப்பிள் நிறுவனம் 2013-இல் வெளியிட்ட ஐஓஎஸ் 7-இல் துணி, தோல் போன்ற தோற்றங்கள் பெரும்பாலும் நீக்கப்பட்டன.

உருவாக்கும் முறை

படத் துண்டின் ஓரங்கள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். ஃபோட்டோஷாப், கிம்ப் ஆகிய மென்பொருள்களில் உள்ள 'ஆஃப்செட்' வசதியால் படத்தை அகலத்திலும் உயரத்திலும் பாதியளவு நகர்த்தினால், ஓரத்தில் இருந்த ஒட்டு நடுவில் தெரியும். அதைக் குளோன் கருவியால் மறைக்கலாம். ஒட்டு மறைந்தாலும் வேலை முடிவதில்லை. 64 பிக்சல் சதுரத் துண்டு, 1024×768 திரையில் 192 முறை இடம்பெறும். துண்டில் ஒரு கறை இருந்தால் அதுவும் 192 முறை தெரியும். கண் வாசகத்தை விட்டுவிட்டு அக்கறைகளின் வரிசையைத் தொடரும்.

தமிழ் எழுத்தும் பின்னணியும்

தமிழில் புள்ளி அலங்காரம் அன்று. பொருளை மாற்றும் குறி. 'பல்' என்பதில் புள்ளி மறைந்தால் 'பல' ஆகிவிடும். மணல், சொரசொரப்பான காகிதம் போன்ற புள்ளிகள் நிறைந்த பின்னணியில் மெய்யெழுத்தின் புள்ளி எளிதில் கலந்துவிடும். 'மனம்', 'மணம்' ஆகிய சொற்களைப் பிரித்துக் காட்டுவது ஒரு சுழி மட்டுமே. எழுத்தறியத் தொடங்கும் சிறுவருக்கும் பார்வை குறைந்த முதியோருக்கும் இது பெரும் இடர்.

உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் அணுகல்தன்மை வழிகாட்டி, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாட்டைக் கோருகிறது. 767676 என்ற குறியீடுடைய சாம்பல் நிற எழுத்து, தூய வெள்ளையின்மேல் 4.54 பெற்றுத் தேறுகிறது. அதே எழுத்து, காகித இழையின் வெளிர்சாம்பல் பகுதியில் (F0F0F0) ஏறத்தாழ 4-க்கு இறங்கித் தவறிவிடுகிறது. எனவே சோதனையைப் படத்தின் சராசரி நிறத்தோடு நிறுத்துவது போதாது. எழுத்து கருமையானால் படத்தின் மிகக் கருமையான இடத்தோடும், எழுத்து வெண்மையானால் மிக வெளிறிய இடத்தோடும் ஒப்பிட வேண்டும்.

மதிப்பீடு

இழைநயத்தை முற்றிலும் விலக்கத் தேவையில்லை. தலைப்புப் பட்டையிலும் பக்க ஓரங்களிலும் அது பொருத்தமாக அமையும். வாசகம் வரும் இடத்தில் ஒரே நிறப் பரப்பை இடுவதே தக்கது. பின்னணியை இட்டபின் ஒரு பத்தியைக் கைப்பேசியில் வெயிலில் வைத்து வாசித்துப் பார்க்கலாம். புள்ளிகள் அனைத்தும் தெளிவாகத் தெரியாவிட்டால் அப்பின்னணியை மாற்றுவதே முறை.