பரிசாக வந்த பாட்டு

மார்ச் மாதம் ஜப்பானியப் பள்ளிகளில் கல்வியாண்டு முடியும் மாதம். நடுநிலைப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடம் மாணவர்கள் விடைபெறும் நாளன்று விழா மண்டபமாகும். குளிர் முழுதாக விலகியிருக்காது. சான்றிதழ் வாங்கி, வாழ்த்துரைகளைக் கேட்டு முடித்த பதினைந்து வயதுப் பிள்ளைகள் பிரிவுப் பாட்டைப் பாட வரிசை கட்டிப் பெற்றோரைப் பார்த்து நிற்பார்கள். பெரும்பாலும் அவர்களில் ஒருவரே பியானோ வாசிப்பார். இன்னொருவர் முன்னால் நின்று கையசைத்து வழிநடத்துவார். நல்ல குரல் உள்ளவர்களைப் பொறுக்கியெடுத்த குழு அல்ல இது. வகுப்பிலுள்ள அத்தனை பேரும் பாட வேண்டும்.

இந்த வயதுக்கென்று எழுதப்படும் பாட்டுகளின் அமைப்பே தனி. பையன்களுக்கு மகரக்கட்டு உடையும் பருவம். மேல் ஸ்தாயி கைவிட்டுப் போயிருக்கும், கீழ் ஸ்தாயி இன்னும் நிலைத்திருக்காது. ஆகவே நான்கு குரல்களாகப் பிரிக்காமல், பெண்பிள்ளைகளுக்கு இரண்டு, பையன்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒன்று என மூன்று குரல்களில் எழுதுவது வழக்கம். பாடத் தெரியாதவன் என்று யாரையும் ஒதுக்காமல் இசையமைப்பு அவனிடம் இறங்கி வருகிறது. பிரிவுப் பாட்டு மரபின் மிகப் பெரிய பலம் இதுதான்.

இந்த மரபு மேலிருந்து வந்தது. மெய்ஜி அரசு மேற்கத்திய இசையைப் பள்ளிக்குள் கொண்டுவர விரும்பியபோது, இஸாவா ஷூஜி என்ற கல்வியாளரும், பாஸ்டனிலிருந்து வரவழைக்கப்பட்ட லூதர் வைட்டிங் மேசன் என்ற இசையாசிரியரும் அந்தப் பொறுப்பை ஏற்றார்கள். 1881ஆம் ஆண்டின் தொடக்கப்பள்ளிப் பாடல் தொகுப்பில் இடம்பெற்றது 'ஹொதாரு நோ ஹிகாரி'. மின்மினியின் ஒளி என்று பொருள். விளக்குக்கு எண்ணெய் வாங்க வசதியில்லாமல் மின்மினிகளின் வெளிச்சத்தில் படித்த ஒரு சீன அறிஞரின் கதை சொற்களில் இருக்கிறது, மெட்டோ ஸ்காட்லாந்தினுடையது. உலகமே புத்தாண்டு இரவில் பாடும் 'ஆல்ட் லாங் சைன்' மெட்டுதான். அதன் பின்னிரு பகுதிகள் வடக்கே குரில் தீவுகளையும் தெற்கே ஓக்கினாவாவையும் நாட்டின் எல்லையாகச் சொல்லி, அவற்றைக் காக்கும் கடமையைப் பாடின. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பள்ளிகள் அந்தப் பகுதிகளைப் பாடுவதில்லை.

அடுத்தது 1884இல் வந்த 'அவோகெபா தோதோஷி'. ஆசிரியரின் நன்றிக்கடனைப் பாடுவது. இதன் மூலம் எது என்பது நூறாண்டுக்கு மேல் புதிராகவே இருந்தது. 2011இல் பேராசிரியர் சகுராய் மஸாத்தோ அதைக் கண்டுபிடித்தார்: 1871இல் அமெரிக்காவில் அச்சான ஒரு பள்ளிப் பாடல் நூலில், பள்ளி முடியும் நாளுக்கான பாட்டாகவே அது இருந்தது. ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் தைவானுக்குப் போன அதே மெட்டு, சீன மொழிச் சொற்களோடு அங்கும் பிரிவுப் பாட்டாக நிலைத்துவிட்டது.

ஜப்பானில் பாட்டியும் பேரனும் இந்த ஒரே பாட்டைப் பாடி விடைபெற்றார்கள் என்றால் அது சிறிய காரியமல்ல. ஆனால் குறையும் அதிலேயே இருந்தது. பழைய இலக்கிய நடை பிள்ளைகளுக்குப் புரியவில்லை. வாழ்வில் உயர்ந்து பெயரெடுக்கச் சொல்லும் இரண்டாம் பகுதி காலத்துக்கு ஒவ்வவில்லை என்று பல பள்ளிகள் அதை விட்டுவிட்டன. ஆசிரியர்களே கற்றுக்கொடுத்து, தங்களைப் புகழும் பாட்டைப் பிள்ளைகளைப் பாடவைத்துக் கேட்பதில் உள்ள சங்கடம் ஆசிரியர்களையே உறுத்தியது.

அந்த இடத்துக்கு வந்த பாட்டு மலைகள் சூழ்ந்த ஒரு சிறு நகரத்தில் பிறந்தது. சைத்தாமா மாநிலத்தின் சிச்சிபு நகரிலுள்ள காகெமோரி நடுநிலைப் பள்ளி அப்போது கட்டுக்கடங்காத பள்ளி. தலைமையாசிரியராக வந்த கொஜிமா நொபொரு, பாட்டுச் சத்தம் கேட்கும் பள்ளியாக இதை மாற்ற வேண்டும் என்று தீர்மானித்தார். இசையாசிரியை சகாமோத்தோ ஹிரொமி துணை நின்றார். முதலில் பிள்ளைகள் முரண்டு பிடித்தார்கள். விடாமல் பாடவைக்கப் பாடவைக்க, பள்ளியின் முகம் மெல்ல மாறியது.

1991 பிப்ரவரி இறுதியில், விடைபெறும் மாணவர்களுக்கென்றே ஒரு பாட்டு இருக்க வேண்டும் என்று எண்ணிய சகாமோத்தோ, சொற்களை எழுதித் தரும்படி கொஜிமாவைக் கேட்டார். தனக்கு அந்தத் திறமை இல்லை என்று அவர் மறுத்துவிட்டார். மறுநாள் காலை சகாமோத்தோவின் மேசைமேல் எழுதிய தாள் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு இசையறைக்குப் போய் உட்கார்ந்தவருக்குக் கால் மணி நேரத்தில் மெட்டு வந்துவிட்டது. 'தபிதாச்சி நோ ஹி நி', அதாவது 'புறப்படும் நாளில்', அப்படித்தான் உருவானது. மூன்றாம் ஆண்டு மாணவர்களை வழியனுப்பும் கூட்டத்தில் ஆசிரியர்கள் எழுந்து நின்று, மாணவர்களுக்கு முன்னறிவிப்பில்லாமல் அதைப் பாடினார்கள். ஒரே ஒரு முறை பாடுவதற்காக எழுதிய பாட்டு. 41 ஆண்டு ஆசிரியப் பணியை முடித்து அந்த மார்ச் 31இல் கொஜிமா ஓய்வு பெற்றார்.

இங்கே திசை மாறியிருப்பதைக் கவனிக்க வேண்டும். நூறாண்டாக மாணவர் ஆசிரியரைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்த இடத்தில், ஆசிரியர் மாணவரைப் பார்த்துப் பாடினார்கள். கல்வி அமைச்சகம் தந்ததல்ல, அந்தப் பிள்ளைகளின் முகத்தை அறிந்தவர்கள் எழுதியது. மெதுவாகத் தொடங்கி, பிரியும் நேரத்தைச் சொல்லுமிடத்தில் வேகமெடுத்து, குரல்கள் ஒன்றையொன்று துரத்தி மேலெழும் அதன் கட்டமைப்பு அழகானது. பயிற்சியில்லாத தொண்டைகளுக்கும் அது கைகொடுக்கிறது.

அடுத்த ஆண்டிலிருந்து மாணவர்களே அதைப் பாடத் தொடங்கினார்கள். அக்கம்பக்கத்துப் பள்ளிகள் எடுத்துக்கொண்டன. 1998 வாக்கில் நாடு முழுவதும் பரவிவிட்டது.

பரவியது நல்லதுதான். ஆனால் எதைப் பரப்பினார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. பள்ளிகள் பாட்டை எடுத்துக்கொண்டன. அதை உருவாக்கிய செயலை எடுத்துக்கொள்ளவில்லை. தங்கள் பிள்ளைகளுக்கென்று ஒன்றைச் செய்து கொடுப்பது என்ற எண்ணம் சிச்சிபுவிலேயே தங்கிவிட்டது. மற்றப் பள்ளிகளில் விழாவுக்காக வாரக்கணக்கில் ஒத்திகை நடக்கிறது. எழுவது, வணங்குவது, அமர்வது எல்லாம் ஒரே அசைவாக இருக்க வேண்டும். பாட வராத பையன் உதட்டை மட்டும் அசைக்கப் பழகிக்கொள்கிறான். எல்லோரையும் சேர்த்துக்கொள்வதற்காக மூன்று குரலாக எழுதப்பட்ட இசை, அவனை மௌனமாக்கி வரிசையில் நிறுத்திவைக்கிறது. அழுகை வந்தால் விழா வெற்றி என்று அளக்கும் போக்கும் பள்ளிகளில் உண்டு. பிரிவில் நிம்மதி அடையும் பிள்ளைக்கு, பள்ளியில் வதைபட்ட பிள்ளைக்கு, அந்த அளவுகோல் கொடுமையானது.

திரையிசை, பாப் இசைப் பாட்டுகள் உள்ளே வந்ததைப் பலர் குறை சொல்கிறார்கள். அந்தக் குறையை முழுதாக ஏற்க முடியாது. ரெமியோரோமென் குழுவின் 'சங்கத்சு கொகொனொக்கா', அதாவது 'மார்ச் 9', ஒரு நண்பரின் திருமணத்துக்காக எழுதப்பட்டது. இன்று அது பிரிவுப் பாட்டு. ஏஞ்சலா அகி எழுதிய 'தெகமி' 2008இல் ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கேயின் பள்ளி இசைப் போட்டியில் நடுநிலைப் பிரிவுக்கான பாட்டாகவே வெளிவந்தது. பதினைந்து வயதின் குழப்பத்தை அந்த வயதின் குரலிலேயே பேசுவது. பிள்ளைகள் தாங்களாகத் தேர்ந்தெடுக்கும் பாட்டு எங்கிருந்து வந்தாலும் அது அவர்களுடையதுதான்.

கட்டாயம் என்பதுதான் உண்மையான சிக்கல். இதே கூடத்தில், இதே பியானோவில் தேசிய கீதமும் வாசிக்கப்படுகிறது. எழுந்து நின்று பாட வேண்டும் என்று தோக்கியோ கல்வி வாரியம் 2003இல் ஆணையிட்டு, மறுத்த ஆசிரியர்களைத் தண்டித்தது. கீதத்துக்குப் பியானோ வாசிக்கும்படி இசையாசிரியருக்கு ஆணையிடலாம் என்று 2007இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆணைக்குப் பாடுவதும் அன்புக்குப் பாடுவதும் சேர்ந்தே நடக்கும் விழாவில், இரண்டையும் ஒரே பயிற்சியால் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைக்கு வேறுபாடு எப்படித் தெரியும்?

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது, விழாக்கள் சுருங்கின. பல இடங்களில் பாட்டு இல்லாமலேயே பிள்ளைகள் விடைபெற்றார்கள். பாட்டு மீண்டும் வந்தது நல்லது. இந்த மரபு நிலைக்க வேண்டும். ஒன்றாக மூச்செடுத்து ஒன்றாகப் பாடிய அனுபவம் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதன்பின் வாழ்வில் வாய்ப்பதில்லை. ஆனால் ஒத்திகை நாட்களைப் பாதியாக்கலாம். பாட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை வகுப்பிடம் கொடுக்கலாம். பாட விரும்பாத பிள்ளைக்கு இசைத்தாளைப் புரட்டும் வேலையோ, பேசாமல் அமர்ந்திருக்கும் உரிமையோ தரலாம். எல்லாவற்றுக்கும் முன்னால், காகெமோரியில் நடந்ததைப் போல, ஒரு பாட்டையாவது ஆசிரியர்கள் தங்கள் மாணவர்களுக்காகக் கற்று, அவர்கள் முன் நின்று பாடட்டும்.