மூலத்தைத் திருப்பிப் படிக்கவைக்கும் கதை

பிடித்த நாவலை ரசிகர் நீட்டி எழுதினால், நான் முதலில் பார்ப்பது பேச்சை. கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னை நீட்டினால், ஆழ்வார்க்கடியான் வாய் திறந்தால் வம்பு வர வேண்டும். வந்தியத்தேவன் மாட்டிக்கொண்டால் கூசாமல் ஒரு பொய்யை அவிழ்த்துவிட வேண்டும். பெயரை மறைத்தாலும் ஆள் தெரிய வேண்டும்.

அடுத்தது, மூலம் விட்ட இடைவெளி. 1954இல் முடிந்த அந்த நாவலில், இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யாரென்று கல்கி அறுதியிட்டுச் சொல்லவில்லை. கொலையாளிக்குப் பெயர் சூட்டுவது சுலபம். கொலை நடந்த கடம்பூர் மாளிகையில் அன்றிரவு நந்தினி மனம் பட்ட பாட்டைக் காட்டுபவரே எழுத்தாளர்.

இதற்கும் மேலான உச்சம், மூலத்தையே திருப்பிப் படிக்கவைப்பது. புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசன’த்தில், சீதை தீக்குளித்ததைக் கேட்ட அகலிகை மறுபடி கல்லாகிறாள். அதன்பின் ராமாயணத்தையே நாம் பழையபடி படிக்க முடிவதில்லை.