அட்டையில் எழும் குரல்

படக்கதைப் புத்தகத்தை இலக்கிய ஆராய்ச்சிக்கு உரிய பொருளாகக் கொள்வது தகுமா என்று இம்மலரைப் புரட்டும் அன்பர்கள் சிலர் ஐயுறக்கூடும். இளங்கோவையும் கம்பனையும் பேச வேண்டிய இடத்தில் சூப்பர்மேனுக்கு என்ன வேலை என்று அவர்கள் கேட்டால், அக்கேள்வியில் நியாயம் உண்டென்றே நாமும் ஒப்புவோம். எனினும், நம் வீட்டுப் பிள்ளைகள் பிறர் தூண்டுதலின்றித் தாமே விரும்பிக் கையில் எடுக்கும் முதல் புத்தகம் பெரும்பாலும் படக்கதையாகவே இருக்கிறது. அவர்களைக் கடைவாயிலில் நிறுத்துவது அதன் அட்டை. அவ்வட்டையில் படமும் சொல்லும் எவ்வாறு கூடி இயங்குகின்றன என்று ஆராய்வது வீண்வேலை ஆகாது. அதிலும், அட்டையில் உள்ள பாத்திரத்தின் வாயருகே வெண்மையாக மிதக்கும் பேச்சுக் குமிழை, வழக்கில் ‘பலூன்’ என்று நாம் சொல்வதை, மட்டுமே இக்கட்டுரைக்குப் பொருளாகக் கொள்கிறோம்.

தில்லி தரியாகஞ்ச் நடைபாதையில் ஞாயிறுதோறும் கூடிய பழம்புத்தகச் சந்தை 2019-இல் மகிளா ஹாட் வளாகத்துக்கு மாறியது. அலுவலகம் இல்லாத அந்த ஒருநாள் காலைப் பொழுதை அங்கே கழிப்பது நமக்கு நெடுநாள் வழக்கம். ஒருமுறை எம் மகளும் உடன் வந்திருந்தாள். அவள் வீட்டில் தமிழ் பேசுவாள். பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் படிக்கிறாள். தமிழ் எழுத்து அவளுக்கு இன்னும் அயல். பழைய அமெரிக்கப் படக்கதைகளின் அட்டைகளைத் தொகுத்த பருத்த புத்தகம் ஒன்றை அவள் புரட்டிக்கொண்டிருந்தாள். ஓர் அட்டையில் ஃபிளாஷ் என்னும் வீரன் உள்ளங்கையை நம்மை நோக்கி உயர்த்தி நின்றான். “அப்பா, இவர் யாரைக் கூப்பிடறார்?” என்றாள். “உன்னைத்தான்மா” என்றோம். அவள் திரும்பிப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாள்.

குழந்தை கேட்ட அக்கேள்வி, தமிழ் இலக்கணம் நெடுங்காலத்துக்கு முன்பே கேட்ட கேள்விதான். தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளின் உறுப்புகளை எண்ணுமிடத்தில் ‘கூற்று’ என்பதை ஓர் உறுப்பாகவும், ‘கேட்போர்’ என்பதை வேறோர் உறுப்பாகவும் வைக்கிறது. சொல்பவர் யார் என்று அறிந்தால் மட்டும் போதாது. யார் கேட்கச் சொல்லப்பட்டது என்பதும் தெரிந்தாலன்றிப் பாட்டு விளங்காது. அகப்பாடல்களில் புலவர் குறுக்கிட்டுக் கதை சொல்வதில்லை. தலைவியோ தோழியோ செவிலியோ நேரே பேசுகிறார்கள். பேச்சுக் குமிழும் அத்தகையதே. அதில் ஆசிரியர் பேசுவதில்லை, பாத்திரமே பேசுகிறது. ஆகவே கூற்று, கேட்போர் என்னும் இரண்டையும் கொண்டே அட்டைக் குமிழ்களை அளந்து பார்ப்போம்.

குமிழுக்கும் அட்டைக்கும் உள்ள உறவு தொடக்கம் முதல் இருந்ததன்று. அமெரிக்க நாளிதழ்களின் வேடிக்கைப் படங்களில் 1890-களின் பிற்பகுதியிலேயே குமிழ் இடம்பெற்றுவிட்டது. அவுட்கால்ட் வரைந்த ‘மஞ்சள் சிறுவன்’ படங்கள் இதற்குப் பெயர்பெற்றவை. ஆனால் 1938 ஜூன் தேதியிட்ட ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழின் அட்டையில், சூப்பர்மேன் ஒரு மோட்டார் வண்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பாறையில் மோதுகிறான். சுற்றி நிற்போர் அலறி ஓடுகின்றனர். குமிழ் ஒன்றுகூட இல்லை. வேண்டியிருக்கவும் இல்லை. அவ்வாறு ஒருவன் செய்வதே அன்று எவரும் காணாத புதுமை. படமே கூவி அழைத்தது.

கால் நூற்றாண்டு கழிந்தபின் நிலைமை வேறு. கடைகளில் வண்ண அட்டைகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. வலிமை காட்டுவது மட்டும் புதுமையாக இல்லை. 1961 நவம்பர் தேதியிட்ட ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ முதல் இதழில், ஜேக் கிர்பி வரைந்த அட்டையில், தெருவைப் பிளந்துகொண்டு ஒரு பூதம் எழுகிறது. நான்கு பேர் அதனை எதிர்க்கின்றனர். நால்வரையும் அதற்கு முன் எவரும் அறியார். குமிழ்கள் அங்கே பெரும்பணி செய்கின்றன. பெண் தன்னால் விரைந்து உருமறைய இயலவில்லையே என்று கலங்குகிறாள். கட்டுண்டவன் கயிறு தன்னை அடக்காது என்கிறான். இன்னின்னார்க்கு இன்னின்ன ஆற்றல் என்பது மட்டுமன்றி, அவர்களுக்குள் உள்ள உறவும் அச்சமும் செருக்கும் சில சொற்களில் புலனாகின்றன. அச்சத்தில் தடுமாறும் நாவைப் படம் காட்டாது, சொல்லே காட்டும். இது நல்ல குமிழ்.

மறு ஆண்டில் வந்த புகழ்மிக்க அட்டை ஒன்றில் குறை காண நேர்கிறது. 1962 ஆகஸ்டு தேதியிட்ட ‘அமேசிங் ஃபேன்டசி’ 15-ஆம் இதழில் ஸ்பைடர்மேன் முதன்முதலாகத் தோன்றுகிறான். கிர்பி வரைந்து ஸ்டீவ் டிட்கோ மையிட்ட அவ்வட்டையில், அவன் ஓர் ஆளை அக்குளில் இடுக்கிக்கொண்டு மாளிகைகளுக்கு நடுவே ஊசலாடிச் செல்கிறான். ஓவியம் அழகியது; அந்தரத்தில் தொங்கும் உணர்வு காண்போரையும் பற்றிக்கொள்கிறது. ஆனால் குமிழில் அவன் பேசுவதென்ன? உலகம் எள்ளி நகைக்கும் கூச்சமுள்ள மாணவன் பீட்டர் பார்க்கரே நாளை உலகை வியக்கவைக்கப் போகிறான் என்ற கருத்தைத் தன் வாயாலேயே பெயர்சொல்லி முழங்குகிறான். முகமூடி அணிந்து ஒளித்த பெயரை, அக்குளில் இருப்பவன் காதில் விழும்படி அவனே கூறிவிடுகிறான்! கூற்று இருக்கிறது, கேட்போர் யார் என்ற எண்ணம் இல்லை. பதிப்பாளர் வாங்குவோர்க்குச் சொல்ல வேண்டியதைப் பாத்திரத்தின் வாயில் திணித்ததால் நேர்ந்த வழு இது. விளக்க வரியாக ஓரத்தில் எழுதியிருந்தால் குற்றமில்லை. வள்ளுவர் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு நில்லாமல் அவையறிதலுக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்த காரணம் இங்கே விளங்குகிறது.

இனி எம் மகளை நிறுத்திய அட்டைக்கு வருவோம். அது 1966 ஆகஸ்டு தேதியிட்ட ‘ஃபிளாஷ்’ 163-ஆம் இதழ். கார்மைன் இன்ஃபான்டினோவின் ஓவியம். சண்டையில்லை, பகைவன் இல்லை. கையை உயர்த்திய வீரன், இவ்விதழைக் கடந்து போய்விடாதே, என் உயிர் உன் கையில் இருக்கிறது என்னும் பொருள்படக் குமிழில் வேண்டுகிறான். கேட்பவர் படத்துக்குள் இல்லை. கடைவாயிலில் காசை எண்ணிக்கொண்டு நிற்கும் சிறுவனே கேட்பவன். இது வெறும் விற்பனைத் தந்திரம் என்பார் உளர். தந்திரம்தான், ஆயினும் பொய்யன்று. மக்கள் தன்னை நம்பாது போனதால் உருத்தேய்ந்து மறையும் நிலைக்கு ஆளாகும் வீரனின் கதையே உள்ளே இருக்கிறது. அக்காலத்தில் இதழாசிரியர் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் முதலில் அட்டையை வரையச் செய்து, அதற்கேற்பக் கதையைப் பின்னர் எழுதச் செய்வதும் உண்டு. அட்டை கொடுத்த வாக்கைக் கதை காப்பாற்றியாக வேண்டும் என்னும் கட்டுப்பாடு அதனால் அமைந்தது. இல்லையேல் ஏமாறுவது ஒரு சிறுவனின் பன்னிரண்டு சென்ட் காசு மட்டுமன்று. அட்டையை நம்பும் அவன் மனமும்தான்.

குமிழ் இல்லாமலே பேசும் அட்டையும் உண்டு என்பதை மறைக்கலாகாது. பெல்ஜியத்து ஓவியர் எர்ஜே 1963-இல் நூலாக வெளியிட்ட டின்டின் கதையான ‘கஸ்டஃபியோரின் மரகத’த்தின் அட்டையில், பின்னே பாடகி பாடிக்கொண்டிருக்க, டின்டின் நம்மைப் பார்த்து உதட்டில் விரலை வைத்திருக்கிறான். பேசாதே என்று சொல்வதற்குப் பேச்சு எதற்கு? அங்கே ஒரு குமிழ் இருந்திருந்தால் அதுவே அப்படத்தைக் கெடுத்திருக்கும். ஆகவே எண்ணிக்கை பெரிதன்று. படம் சொல்ல முடிந்ததைப் படத்திடம் விட்டுவிட்டு, முடியாததை மட்டும் உரியவர் காதில் சொல்வதே குமிழின் அறம்.

அந்தக் குரல் பின்னாளில் அருகிப்போயிற்று. 1973 அளவில் ஃபில் சூலிங் என்னும் வணிகர் படக்கதைக்கென்றே உள்ள தனிக்கடைகளுக்கு நேரே இதழ்களை வழங்கும் முறையைத் தொடங்கினார். நாளடைவில் மருந்துக்கடை, செய்தித்தாள் கடைகளின் இடத்தைத் தனிக்கடைகள் பிடித்துக்கொண்டன. அங்கே வருபவர் முன்பே அறிந்தவர்; வேண்டிய இதழுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருப்பவர். அவரைக் கூவி அழைக்கத் தேவையில்லை. அட்டை சுவரில் மாட்டும் ஓவியமாயிற்று. வீரன் நெஞ்சை நிமிர்த்தி வாய்மூடி நின்றான். ஓவியத்தின் மதிப்பு உயர்ந்தது என்பதை ஏற்கிறோம். ஆனால் தெருவில் போகும் அயலானை ‘நீ வா’ என்று அழைத்த குரல் நின்றுவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

நம் நாட்டு அட்டைகள் குமிழின்றியே வெற்றி பெற்றனவே என்று வினவலாம். 1964-இல் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸும், 1967-இல் தொடங்கிய அமர் சித்திரக் கதையும் பெரும்பாலும் வண்ண ஓவியத்தையே நம்பின. உண்மைதான். ஆனால் கண்ணனையும் அனுமனையும் பாட்டியின் மடியிலேயே குழந்தை அறிந்திருந்தது. வேதாளரை வார இதழ் வாசகர்கள் முன்பே அறிந்திருந்தனர். அறிமுகமானவர் வாசலில் வந்து நின்றாலே போதும்; அறியாதவர்தாம் குரல் கொடுக்க வேண்டும்.

இங்கேதான் இச்சிறு பொருள் நம் குடும்பங்களைத் தொடுகிறது. ஊரைவிட்டு வந்த நாம் எல்லோரும் அறிந்த அனுபவம் ஒன்று உண்டு: கூட்டம் நெரியும் அயலூர் ரயில் மேடையில் எங்கிருந்தோ ஒரு தமிழ்ச் சொல் காதில் விழும், கால் தானே நின்றுவிடும். நம் பிள்ளைகளுக்கோ தமிழ் இன்றும் காதின் மொழியே; கண்ணின் மொழி ஆகவில்லை. தமிழ்ப் புத்தகத்தின் முன் அவர்கள் அறிமுகமில்லாத அயலார். அழகிய ஓவியமும் புரியாத எழுத்தும் கொண்ட அட்டை அவர்களைக் கடந்து போகவே விடுகிறது.

அன்று மாலை எம் மகள் வீட்டிலிருந்த தமிழ்ப் படக்கதை ஒன்றை எடுத்து, அதன் அட்டையில் உள்ளவர் என்ன சொல்கிறார் என்று கேட்டாள். அவர் வாய்திறக்கவில்லை என்றோம். அவள் வெள்ளைத்தாளை வட்டமாக வெட்டி, வால் ஒன்று வைத்து, அவர் வாயருகே ஒட்டினாள். உள்ளே எழுத ஒரு சொல் கேட்டாள். ‘வா’ என்று எழுதிக் காட்டினோம். காலை மறந்து முதலில் ‘வ’ என்று மட்டும் எழுதினாள், பிறகு திருத்திக்கொண்டாள்.

தமிழில் பிள்ளைகளுக்குப் புத்தகம் செய்வோர் அட்டையெங்கும் குமிழ்களை நிரப்ப வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. உள்ளே உள்ள கதைக்கு உண்மையாக, படம் சொல்லாததை, எளிய நான்கு சொற்களில், கடைவாயிலில் நிற்கும் குழந்தையை நோக்கிச் சொல்லும் ஒரு குரல் சில அட்டைகளிலாவது எழ வேண்டும் என்றே விரும்புகிறோம். எழுத்தறியாத குழந்தைக்கு அதைப் படித்துச் சொல்லும் பொறுப்பு நம்முடையது. அதற்குள் என்ன எழுதியிருக்கிறது என்று அறியும் ஆவலை அக்குழந்தைக்கு ஊட்டும் பொறுப்பு அட்டையினுடையது.