வடக்கு நோக்கி ஒரு சொல்

புறநானூற்றைத் தொடாதவர்களுக்கும் கோப்பெருஞ்சோழன் - பிசிராந்தையார் கதை தெரியும். பார்க்காமலே நட்பு, சோழன் வடக்கிருந்தபோது பாண்டிய நாட்டிலிருந்து ஆந்தையார் வந்து கூடவே உட்கார்ந்து உயிர் விட்டார். 'நட்புக்கு இலக்கணம்' என்று எழுதி நீங்களும் முழு மார்க் வாங்கியிருப்பீர்கள்.

வடக்கிருத்தல் என்றால் வடக்கு நோக்கி அமர்ந்து, உண்ணாமல் உயிர் துறப்பது. 'தற்கொலை'யில் ஒரு கொலை இருக்கிறது. பழைய சொல்லிலோ ஒரு திசையும் 'இரு' என்ற வினையும்தான். உட்காருவதற்கும் உயிரோடு இருப்பதற்கும் நாம் சொல்கிற அதே 'இரு'. சாவுக்கு எத்தனை சாதுவான பெயர் என்று முதலில் வியந்தேன். இப்போது அந்தச் சாதுத்தனத்தின் மேல்தான் சந்தேகம்.

காரணங்களைப் பாருங்கள். வெண்ணிப் போரில் கரிகாலனிடம் பட்ட புறப்புண்ணுக்கு நாணி சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்தான். கோப்பெருஞ்சோழனை எதிர்த்துப் படை திரட்டியவர்கள் அவன் பெற்ற பிள்ளைகள். மானம், குடும்பச் சண்டை. இன்றைய தினசரிகளிலும் இதே காரணங்கள்தான். சொல் மட்டும் வேறு.

சமணத் துறவியின் நோன்பு தனிக் கணக்கு. செஞ்சி அருகே திருநாதர்குன்றில் சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து இறந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. அது தோல்வியில் வந்த முடிவல்ல, துறவின் கடைசிப் படி. ஆனாலும் சமணர்களின் சந்தாரா தற்கொலைதான் என்று 2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் சொன்னது. அதே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. எந்தச் சொல்லால் அழைப்பது என்பதில் வழக்கே நடக்கிறது!

சோழன் கதையில் நாம் தாண்டிப் போகிற ஒருவர் உண்டு. பொத்தியார். அவரும் கூட உட்கார வந்தார். மனைவி கர்ப்பிணி. 'மகன் பிறந்த பிறகு வா' என்று சோழன் திருப்பி அனுப்பிவிட்டான். பிள்ளை பிறந்தது. பொத்தியார் திரும்பி வந்து, நடுகல்லாகிவிட்ட சோழனிடம் 'எனக்கு எது இடம்?' என்று கேட்டு, அவரும் வடக்கிருந்தார்.

அபாரமான பாட்டு, மறுக்கவில்லை. ஆனால் பச்சைக் குழந்தையோடு வீட்டில் நின்ற அந்தப் பெண் என்ன சொன்னாள்? அவள் பக்கத்துப் பாட்டு தொகுப்பில் இல்லை. சொல் அழகாக இருந்தால் அவளைக் கேட்க மறந்துபோகிறோம்.

அடுத்த முறை இந்த நட்புக்குக் கைதட்டும்போது, அந்த வீட்டையும் ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.