பூட்டும் சாவியும் போதுமா?

மருந்துகளைப் பற்றிய எந்தக் கட்டுரையைப் புரட்டினாலும் ஒரு படம் தவறாமல் இருக்கும்: புரதம் பூட்டு, மருந்து சாவி. நொதிகளின் செயலை விளக்க எமில் ஃபிஷர் 1894-இல் கூறிய உவமை இது. முதற்பாடத்திற்கு நல்ல உவமைதான். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் மாணவர்களுக்குத் தவறான எண்ணமே பதியும் என்பது என் கருத்து. இமாட்டினிப் என்ற மருந்தைக் கொண்டே பாருங்களேன்.

நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோயில் 9-ஆம், 22-ஆம் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. அதனால் உண்டாகும் பிசிஆர்-ஏபிஎல் என்ற நொதி ஓயாமல் இயங்கி வெள்ளணுக்களைப் பெருக்குகிறது. அதில் ஏடிபி மூலக்கூறு வந்து அமரும் குழியை அடைத்துவிட்டால் வேலை நின்றுவிடும். ஆனால் இதே போன்ற குழியுள்ள கைனேஸ் நொதிகள் நம் உடலில் ஏறத்தாழ ஐந்நூறு! எல்லாவற்றையும் அடைத்தால் நோயாளி என்னாவார்?

பூட்டைப் பார்த்துச் சாவியை வெட்டினார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? நடந்தது அதுவன்று. சுவிட்சர்லாந்தின் சீபா-கைகி நிறுவன வேதியியலார், புரதக் கைனேஸ்-சி என்ற வேறொரு நொதியைத் தடுக்கும் சேர்மத்திலிருந்து தொடங்கினர். படிப்படியாக மாற்றியபோது ஏபிஎல்லையும் அது தடுத்தது. பிறகு ஒரேயொரு மெத்தில் தொகுதியைச் சேர்த்ததும் பழைய நொதியின் மீதிருந்த பிடி விட்டுப்போயிற்று. நீரில் நன்கு கரைவதற்காகப் பிப்பரசீன் வளையம் ஒன்றை இணைத்தனர். 1998-இல் நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதிக்கத் தொடங்கினர். இம்மருந்துக்கு மிக நெருங்கிய சேர்மம் ஒன்று நொதிக்குள் அமர்ந்திருக்கும் படிக அமைப்பு வெளியானதோ 2000-இல்தான்! சாவி முதலில், பூட்டின் படம் பிறகு.

அந்தப் படம் காட்டியது இன்னும் வியப்பானது. நொதி இயங்காமல் மடங்கியிருக்கும் நிலையில்தான் மருந்து அதைப் பற்றுகிறது. பற்றிய பின்பும் நொதி தன் வடிவை மாற்றி மருந்தை இறுக்கிக்கொள்கிறது என்று 2014-இல் வந்த ஆய்வு காட்டியது. எந்தப் பூட்டு இப்படிச் செய்யும்?

பூட்டு தன்னைத்தானே மாற்றிக்கொள்வதுமில்லை, புற்றணுவோ மாற்றிக்கொள்கிறது. சில நோயாளிகளிடம் நொதியின் 315-ஆம் இடத்தில் திரியோனைனுக்குப் பதில் ஐசோலூசின் வந்துவிடுகிறது. மருந்தைத் தாங்கிய ஒரு ஹைட்ரஜன் பிணைப்பு போகிறது. பருத்த பக்கக்கிளை வழியையும் மறிக்கிறது. இமாட்டினிப் பயனற்றுவிடுகிறது. அந்த இடுக்கில் நுழையும்படி, ஒல்லியான முப்பிணைப்பை நடுவில் வைத்துப் பொனாட்டினிப் உருவாக்கப்பட்டது. அமெரிக்காவில் 2012-இல் அனுமதியும் பெற்றது. இது உண்மையிலேயே பூட்டைப் பார்த்து வெட்டிய சாவி. ஆனால் வேறு பல கைனேஸ்களிலும் இது நுழைகிறது. சில நோயாளிகளுக்கு இரத்தக்குழாய் அடைப்பு ஏற்பட்டதால் 2013-இல் அங்கே விற்பனையைச் சிலகாலம் நிறுத்தி, கட்டுப்பாடுகளுடன்தான் மீண்டும் அனுமதித்தார்கள்.